சும்மா கொடுத்த படம்

பிரபு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போன தாள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. காற்றில் பறந்துவிடக் கூடாதென்று உன் அம்மா அதன்மேல் ஊறுகாய் ஜாடியை வைத்திருக்கிறாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நீ பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய், கிழவனுக்கு இடம் தெரியாமல் போய்விடுமோ என்று. அந்தத் தாளை நான்கு முறை படித்துவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் கேமராவைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தை அகராதியும் கையுமாக இரண்டு வருஷம் படித்தவன். உங்கள் கம்பெனித் தாளைப் படிக்க எனக்கு யாரும் வேண்டாம். இந்தப் படத்தின் எல்லா உரிமையையும் கம்பெனிக்குக் கொடுக்கிறேன். எந்தக் காரியத்துக்கும் எப்போதும் பயன்படுத்திக்கொள்ளலாம். இதற்காக எந்தத் தொகையும் கேட்கவில்லை, இனிமேலும் கேட்கமாட்டேன். இவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதன் கீழே நான் கையெழுத்துப் போடமாட்டேன். ஏன் என்று கேட்டாய். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் செவ்வாப்பேட்டையில் இருக்கிற உன் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய். அதனால் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்றைத் தொழிற்சங்கப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். கையில் போன் இருக்கிற ஒவ்வொருவனும் படம் எடுத்து, யார் கேட்டாலும் அனுப்பிவைக்கிற காலம் இது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் உன் ஒருவனுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தால் போதாது.

அன்று நீ என்ன சொன்னாய் என்பதை அப்படியே எழுதிவைக்கிறேன். "நீ இன்னா ஸ்டூடியோவா வெச்சினு கீற? ஆசைக்கு எடுத்த போட்டோ. அதுக்கு எதுக்குப்பா டப்பு? எச்.ஆர். கிட்ட நான் வாங்கியாறேன்னு சொல்லிட்டு வந்துக்கீறேன்." கோபம் வந்தால்தான் உன் வாயில் நம் ஊர்ப் பேச்சு திரும்புகிறது. உன் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "கையெழுத்துதான கேக்குறான், கிட்னியா கேக்குறான்? அவன் வேல போச்சுன்னா நீ போயி மறுபடியும் கிரேன் ஓட்டுவியா?" நான் போடமாட்டேன் என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன். உன் மனைவி புதிதாக வந்த பெண், கையில் சோற்றுக் கரண்டியோடு யார் தட்டில் போடுவது என்று தெரியாமல் நின்றாள். அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றவர்களிடம் இல்லை.

உன் கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர்களை நினைத்துப்பார். மூன்று மாதம்தான் ஆகிறது. நான்கு பேர், ஒரு பறக்கும் கேமரா. மண்டபத்தில் அவர்கள் சொன்ன பக்கம் மணமேடையைத் திருப்பிவைத்தீர்கள். படத்தைத் தங்கள் விளம்பரத்தில் போடுவோம், வேண்டாமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அதற்கும் நீ தலையாட்டினாய். உன் கல்யாணப் படத்தை நீயே மறைத்துவைக்க நீயே பணம் கட்டினாய். அவர்களுக்குக் கொடுக்க உனக்குக் கை கூசவில்லை. ஏனென்றால் அவர்கள் தொழில்காரர்கள். நான் ஆசைக்கு எடுப்பவன். ஆசைக்கு எடுத்தவன் கையில் இருந்து போகிற படம் மட்டும் போன இடத்தில் ஆசையாகவா உட்கார்ந்திருக்கிறது? அது அங்கே போய் வேலை செய்கிறது. யாருக்கோ லாபமாக, யாருக்கோ நஷ்டமாக, இரவும் பகலும் வேலை செய்கிறது. அது என்ன வேலை என்று கேட்கிற உரிமை, விலை கேட்கிறவனுக்குத்தான் இருக்கிறது. சும்மா கொடுத்தவன் வாயைத் திறந்தால், கொடுத்த பிறகு என்ன கேள்வி என்பார்கள். இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

உங்கள் கம்பெனி கேட்கிற படம் எது என்று உனக்குத் தெரியும். உலை வாயில் ஏழுமலை நிற்கிற படம். வெள்ளி போல் மின்னுகிற கோட்டு, ஹெல்மெட், கையில் தடித்த உறை, முகக் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுச் சிரிக்கிறான். உருகிய இரும்பின் வெளிச்சம் அவன் கன்னத்தில் மஞ்சளாக விழுந்திருக்கிறது. நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் அதைவிட நல்ல படம் இல்லை. நாற்பதாவது ஆண்டு மலருக்கு அதுதான் அட்டைப்படமாம், கம்பெனி கேட்டில் அதையே ஆள் உயரத்துக்கும் பெரிதாக வைக்கப்போகிறார்களாம். அன்றைக்குக் கேட்காமலே பயன்படுத்தியவர்கள் இன்றைக்கு வக்கீல் சொன்னதால் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஏழுமலை செத்தது உனக்குத் தெரியும். அப்போது நீ ஐந்தாவது படித்தாய். மீதி உனக்குத் தெரியாது.

அந்தப் படம் எடுத்தது ஆயுத பூஜை அன்று. முதலாளி குடும்பத்தோடு வருவார் என்பதால் முந்தின நாளே ஷெட்டைக் கழுவிவிட்டோம். நான் அங்கே ஓட்டின கிரேனில் ஏறி அதன் கொக்கி வரைக்கும் துடைத்தேன். காலையில் ஸ்டோரிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. அதற்குள் புது ஹெல்மெட், முகக் கண்ணாடி, கையுறை, அந்த வெள்ளிக் கோட்டு எல்லாம் இருந்தன. உலையில் ஸ்கிராப், அதாவது பழைய இரும்பு, போடுகிறவர்கள் ஏழுமலை உட்பட எல்லாரும் காண்ட்ராக்ட் ஆட்கள். மற்ற நாட்களில் அவர்களுக்குக் கிழிந்த கையுறையும் கழுத்தில் ஒரு துண்டும்தான். அன்றைக்கு மட்டும் எல்லாருக்கும் புதுசு. ஐயர் மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், வரிசையில் நின்றவர்களின் ஹெல்மெட்டுக்கும் வைத்துவிட்டுப் போனார். பூசணிக்காய் உடைத்ததும் சம்பிரதாயத்துக்கு ஒரு முறை உலையை ஓட்டினார்கள். முதலாளி குடும்பம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சுண்டல் பொட்டலம் வாங்கிக்கொண்டு காரில் ஏறியது.

நான் அப்போதுதான் செகண்ட் ஹேண்டில் அந்தக் கேமராவை வாங்கியிருந்தேன். ஏழுமலை என்னைக் கூப்பிட்டான். "அண்ணா, ராக்கெட்ல போறவன் மாதிரி கீறேன் பாரு. சீக்கிரம் ஒண்ணு எடு. ஸ்டோர்காரன் வந்து உருவிக்கினு பூடுவான்." பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவன், "கோட்டு போனாலும் பரவால்லடா, உள்ள எதனா போட்டுக்கினு கீறியா?" என்று கேட்டான். அந்தச் சிரிப்புதான் படத்தில் இருக்கிறது.

இனிமேல் எழுதப்போவது உன் அம்மாவுக்கும் தெரியாது. கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்தபோது ஓரத்தில் வாழைக்கன்று தெரிந்தது. அவனை நான்கடி நகரச் சொன்னேன். பிறகு ஹெல்மெட்டில் நடு நெற்றிக்கு நேராக அந்தச் சந்தனமும் குங்குமமும் தெரிந்தது. நான் படித்த புத்தகத்தில் வெளிநாட்டுத் தொழிற்சாலைப் படங்கள் இருந்தன. என் படமும் அப்படி இருக்க வேண்டும் என்ற வெறி எனக்கு. "டேய், அந்தப் பொட்டத் தொடை. பூஜை போட்டோ மாதிரி கீது" என்றேன். "சாமி பொட்டுண்ணா" என்றான். "படம் எடுத்ததும் வெச்சிக்க. தொடை" என்றேன். கையுறையால் அழுத்தித் துடைத்தான். சரியாகப் போகவில்லை. நான் கிட்டே போய் என் கைக்குட்டையால் சுத்தமாகத் துடைத்தேன். பிறகு எடுத்தேன். மத்தியானம் மூன்று மணிக்கு ஸ்டோர்காரர் நோட்டோடு வந்து ஒவ்வொன்றாக எண்ணி வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனார்.

அதற்கு முந்தின வருஷம் வரை கம்பெனிப் பூஜைக்குப் படம் எடுத்தவர் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த நாகராஜ். அந்த வருஷம் அவரைக் கூப்பிடவில்லை. நான்தான் சும்மா எடுக்கிறேனே. சி.டி.யில் போட்டு, மேனேஜர் அறைக்கே போய்க் கொடுத்தேன். "எவ்வளவுப்பா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார். "சும்மா வெச்சிக்கோங்க சார்" என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கிரேன் ஓட்டுகிறவன் மேனேஜருக்கு ஒன்றை இனாமாகக் கொடுக்கிறேன். நாகராஜ் என்னை பஜாரில் நிறுத்திக் கேட்டார். "உனுக்கு மாசம் பொறந்தா சம்பளம். நீ சும்மா குடுத்தா நான் எத்தப்பா துன்றது?" கலை வேறு, வியாபாரம் வேறு என்று அவரிடம் பெரிய பேச்சுப் பேசிவிட்டு வந்தேன். அதன் பிறகு ரொம்ப நாள் அவர் என்னோடு பேசவில்லை.

அந்த மாதமே கம்பெனி நடத்திய பாதுகாப்பு வாரத்துக்கு அந்தப் படத்தைப் பெரிதாக அடித்து கேட்டில் வைத்தார்கள். உன்னையும் உன் அம்மாவையும் சைக்கிளில் வைத்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். நீ அண்ணாந்து பார்த்துவிட்டு, "நைனா, உன் பேரு எங்க?" என்று கேட்டாய். அப்போது நீ என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாய், காலேஜுக்குப் போன பிறகுதான் அப்பா ஆனேன். "பேரு எதுக்குடா, சும்மா குடுத்ததுதான" என்று சொன்னேன். பத்து வயதுப் பையன் கேட்ட கேள்வியை நாற்பது வயதுக்காரன் கேட்கவில்லை. கம்பெனியில் சேர்ந்த பிறகு நீயும் அதைக் கேட்பதை விட்டுவிட்டாய்.

மழை மாதம் வந்தது. திறந்தவெளியில் குவித்த ஸ்கிராப் ஊறிக் கிடந்தது. ஈரம் உலைக்குள் போனால் உருகிய இரும்பு எப்படி வெடித்துத் தெறிக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, இன்று அதே ஷெட்டில் நீ வேலை பார்க்கிறாய். நான் மேலே கிரேனில் இருந்தேன். சத்தம் வருவதற்கு முன்னால் வெளிச்சம் வந்தது. ஏழுமலை கழுத்தில் துண்டோடு இருந்தான். அந்தத் துண்டு எரிந்ததை நான் மேலிருந்து பார்த்தேன். இறங்கி ஓடிவர எனக்கு நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

சட்டப்படி வர வேண்டிய தொகை பின்னால் வந்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் உலையில் செத்தவன் வீட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுப்பது அந்தக் கம்பெனியில் வழக்கமாக இருந்தது. அவன் மனைவி கன்னியம்மா அதைத்தான் நம்பியிருந்தாள். அதற்காகப் பதினாறாம் நாளுக்கு முன்னாலேயே மேனேஜர் அறையில் கூடினோம். கன்னியம்மா, அவள் அண்ணன், சங்கத்தில் இரண்டு பேர், காண்ட்ராக்டர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர். நேரில் பார்த்தவன் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பாதுகாப்புச் சாமான் எதுவும் கொடுப்பதில்லை என்று சங்கத்துக்காரர் ஆரம்பித்தார். அந்த அதிகாரி சத்தம் போடவில்லை. என் படத்தை எடுத்து மேசைமேல் வைத்து, கன்னியம்மா பக்கம் திருப்பினார்.

"இது யாரும்மா?"

"எங்க ஊட்டுக்காரரு."

"என்ன போட்டிருக்காரு, பாருங்க."

அவள் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்ததை நான் பார்த்தேன். அப்படி ஒரு படத்தில் அவனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. "எல்லாம் போட்டுக்கினு கீறாரு சார்" என்றாள். அதிகாரி அதை எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமா சார். ஆனா அது ஆயுத பூஜை அன்னிக்கு. மத்தியானமே திரும்ப வாங்கிட்டாங்க."

"அப்படியா? படத்துல பூஜை எங்க இருக்கு?"

பிரபு, அந்த அறையில் நான் பார்த்தேன். சந்தனம் இல்லை, குங்குமம் இல்லை, வாழைக்கன்று இல்லை. எல்லாவற்றையும் நானே வெளியே தள்ளியிருந்தேன். தேதி இருக்குமே என்றார் சங்கத்துக்காரர். அந்தக் கேமராவில் பேட்டரியைக் கழற்றினால் தேதி தொலைந்துவிடும். நான் அதைச் சரிசெய்ததே இல்லை. எந்தப் படத்தைத் திறந்தாலும் ஏதோ ஒரு வருஷத்து ஜனவரி ஒன்றாம் தேதி என்று காட்டும். பூஜை அன்று அவனோடு நின்ற காண்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. பொட்டு இருந்தது, நான்தான் துடைத்தேன் என்று அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். நிரந்தர வேலை, வீட்டுக் கடன், நீ, உன் அம்மா, எல்லாவற்றையும் கணக்குப் போட்டேன். அதைவிட, இவ்வளவு பேர் முன்னால் என் முட்டாள்தனத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. 'வழங்கப்பட்ட பாதுகாப்புச் சாதனங்களை அணியத் தவறியதால் நேர்ந்த விபத்து' என்று எழுதினார்கள். தன் கவனக்குறைவால் செத்தவன் வீட்டுக்கு வேலை தர வழக்கம் இல்லை என்றார்கள். கன்னியம்மா வெளியே வந்து, "அவுரு அன்னிக்கு மட்டும் ஏண்ணா போட்டுக்காம போனாரு?" என்று என்னைக் கேட்டாள். அவளையே நம்பவைத்துவிட்டது என் படம்.

பதினாறாம் நாள் பேனருக்கும் அதே படம்தான். அதைப் பெரிதாக்கிக் கொடுத்தவர் நாகராஜ். பந்தலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடந்ததையெல்லாம் கேள்விப்பட்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நான் எடுத்திருந்தா பில்லு போட்டிருப்பேன். ஆயுத பூஜை வகைக்குன்னு எழுதி, தேதி போட்டு, மேனேஜர் கையெழுத்தே வாங்கியிருப்பேன். என் கார்பன் காப்பி அந்தப் பொம்பளைக்கு சாட்சி சொல்லியிருக்கும்."

நான் கூலி வாங்கியிருந்தால் ஒரு துண்டுச் சீட்டு இருந்திருக்கும். பெருந்தன்மையாகக் கொடுத்தேன், சீட்டு இல்லை. அடுத்த வாரமே பில் புத்தகம் அச்சடித்தேன். பெயர், தேதி, எந்தப் படம், எவ்வளவு, அதோடு நானே யோசித்துச் சேர்த்த ஒரு கட்டம்: எதற்கு. அந்தப் புத்தகத்தால் நீ பட்ட அவமானம் எனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூட ஆண்டுமலருக்குப் படம் கேட்ட வாத்தியாரிடம் பில்லை நீட்டினேன். உன் மாமன் எனக்கு 'பில்லு பெருமாள்' என்று பேர் வைத்தான். சொந்தக்காரர்கள் விசேஷங்களில் என்னைப் பார்த்ததும் கேமராவைப் பையில் போடச் சொன்னார்கள். உனக்கு அப்போதே காரணத்தைச் சொல்லாதது என் தப்பு. பில் போட்டது தப்பில்லை.

அத்தனைக்குப் பிறகும் ஒரு தடவை ஏமாந்தேன். பொன்னேரி பக்கம் அறுப்புக்கு நின்ற நெற்கழனி ஒன்றை எடுத்து, நாலு பேர் பார்க்கட்டும் என்று போன் வழியாக நெட்டில் போட்டேன். ஒரு மனை வியாபாரி அதை எடுத்து, 'மனைகள் விற்பனைக்கு' என்று ரோட்டோரம் பெரிதாக வைத்துவிட்டான். கழனிக்காரர் விசாரித்துக்கொண்டு நம் வீட்டுக்கே வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். "யோவ், என் கழனிய நீ எப்டியா வித்த? பங்காளிங்க வந்து வாசல்ல குந்தினு கீறானுங்க, எங்களுக்குத் தெரியாம வித்துட்டியான்னு." நீ அன்று உள்ளே போய்ச் சிரித்தாய். அந்த மனுஷன் சிரிக்கவில்லை. வியாபாரியிடம் போனால், "நெட்ல சும்மா கெடந்துச்சி சார்" என்றான். அவன் ஆபீசில் மூன்று நாள் போய் உட்கார்ந்து, பேனரை இறக்கவைத்துவிட்டுத்தான் எழுந்தேன். மறுபடியும் அதே வார்த்தை, பார்த்தாயா? சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற படத்தை வைத்து ஒருவன் கழனியை விற்கலாம், ஒருத்தியின் வாயை அடைக்கலாம். என் விதி இதுதான், மாற்றமாட்டேன்: படத்துக்குள் இருக்கிறவரிடம் ஒரு பைசா வாங்கமாட்டேன். அதை வைத்து வேறு வேலை பார்க்கிறவனிடம் வாங்காமல் விடமாட்டேன். அவன் பெரிய கம்பெனியாக இருந்தாலும் சரி, என் மகன் வேலை பார்க்கிற கம்பெனியாக இருந்தாலும் சரி.

போன புதன்கிழமை கவரைப்பேட்டைக்குப் போய்க் கன்னியம்மாவைப் பார்த்தேன். இந்தக் கடிதத்தில் எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இத்தனை வருஷமாகத் தோன்றாமல் இல்லை, கால் போகவில்லை. ஒரு பேக்கிங் கம்பெனியில் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "வாண்ணா, இன்னா இம்மாந்தூரம்?" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட எழுந்தவளை உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். வாழைக்கன்று, பொட்டு, கைக்குட்டை, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"எனுக்குப் பதினாறாம் நாளு அழிச்சாங்க. அவுருக்கு நீ முன்னாடியே அழிச்சிட்டியாண்ணா" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளே மேலும் சொன்னாள். "அவுரு எகத்தாளமா போட்டுக்காமப் பூட்டாருன்னு நானே அவுர எவ்ளோ திட்டிக்கீறேன் தெரியுமா? படத்தப் பாத்துப் பாத்துத் திட்டுவேன். எம் மருமவன் குடிச்சிட்டு வந்தா எம் பொண்ண கேக்குறான், உங்கப்பன் திமிருலதான செத்தான்னு." பிறகு சுவரைக் காட்டினாள். அங்கே என் படம் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் வைப்பாளாம். ஹெல்மெட் நெற்றியை மறைத்திருப்பதால் ஹெல்மெட்மேலேயே வைக்கிறாள். நடு நெற்றிக்கு நேராக. ஐயர் வைத்த அதே இடம். நான் எழுந்து நின்று பார்த்தேன், பிரபு. நான் எடுக்காமல் விட்ட படம் அங்கே இருந்தது.

கம்பெனி அந்தப் படத்தைக் கேட்பதையும், கேட்டில் வைக்கப்போவதையும் சொன்னேன். விலை கேட்டு, வருகிற பணத்தை அவளுக்கே வாங்கித்தருகிறேன் என்றேன். "காசு வோணாண்ணா. அத்த வாங்கி நான் இன்னா பண்ணப்போறேன்? போட்டுக்காமப் பூட்டாருன்னு எழுதி வெச்சிக்கீறாங்களே, அது தப்புன்னு எழுதித் தரச் சொல்லு. ஒரு காயிதம். மருமவன் மூஞ்சில காட்டணும்." வாசல் வரைக்கும் வந்தவள் மறுபடியும் கூப்பிட்டுச் சொன்னாள். "இந்தத் தபா சும்மா குடுத்துட்டு வந்துடாதண்ணா."

அவளிடம் கேட்டுவிட்டு, சுவரில் இருந்த படத்தைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். கண்ணாடி, மாலை, பொட்டு எல்லாம் தெரிகிற மாதிரி. அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். உங்கள் அட்டைக்கும் கேட்டுக்கும் நான் தரப்போவது இதைத்தான். கீழே என் பெயர் இருக்க வேண்டும், ஆயுத பூஜை அன்று எடுத்தது என்றும், சாமான்கள் அன்றைக்கே திரும்ப வாங்கப்பட்டன என்றும் இருக்க வேண்டும். நீ விட்டுப்போன தாளில் எந்தத் தொகையும் கேட்கவில்லை என்ற வரியை அடித்துவிட்டு, கன்னியம்மா கேட்ட காகிதத்தை விலையாக எழுதியிருக்கிறேன். பழைய படத்தை என் கையெழுத்து இல்லாமல் மாட்டினார்கள் என்றால், இந்தக் கடிதமும் நானும் கேட் முன்னால் நிற்போம். மனை வியாபாரி ஆபீசில் உட்கார்ந்தது மூன்று நாள்தான். இப்போது நான் ரிட்டையர் ஆனவன், எனக்கு நாள் நிறைய இருக்கிறது.

உனக்கு வர வேண்டிய பதவி உயர்வு இதனால் வராமல் போகலாம். வேலைக்கே கூட இடைஞ்சல் வரலாம். அது எனக்குப் புரியாமல் எழுதவில்லை. உனக்காக ஒருமுறை வாயை மூடிக்கொண்டேன், அந்த அறையில். அதற்கு நீ பொறுப்பில்லை, நீ ஐந்தாவது படிக்கிற பிள்ளை. ஆனால் உன்னைக் காரணம் காட்டி இரண்டாவது முறையும் மூடிக்கொள்ள என்னால் ஆகாது. இதை நீ மன்னிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

ஊறுகாய் ஜாடிக்குக் கீழே இருந்த தாளோடு ஒரு பில்லும் எழுதிவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போய் உங்கள் எச்.ஆரிடம் கொடு. பெயர் எழுதியாயிற்று, தேதி போட்டாயிற்று, எந்தப் படம் என்று எழுதியாயிற்று, விலையும் எழுதியாயிற்று. 'எதற்கு' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அதை அவர்கள் கையாலேயே நிரப்பச் சொல். என்ன எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்.

உன் நைனா